ராமாமணி ஒட்டிய எழுத்துகள்

ராமாமணிக்கு உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் பிடித்தபடி வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே நடந்துகொண்டுதான் சாப்பிடுவாள். மென்றாளா, அப்படியே விழுங்கினாளா என்று அவளுக்கே தெரியாது. நான் அங்கே வேலைக்குப் போன முதல் நாளே சொல்லிவிட்டேன்.

"இப்படிச் சாப்பிட்டா அடுத்த கட்டில்ல உங்களைத்தானுங்க படுக்க வெக்கோணும்."

"படுக்கறனுங்க சிஸ்டர். அப்பவாவது படுத்தாப்பல இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே பட்டறைக்குள் போய்விட்டாள்.

வீடு பெரியநாயக்கன்பாளையத்தில், மேட்டுப்பாளையம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சந்தில் இருக்கிறது. முன்புறம் பட்டறை, பின்புறம் வீடு. பட்டறையில் இருக்கும் லேசர் மெஷின் அக்ரிலிக் பலகையை எழுத்தெழுத்தாக வெட்டித் தரும். கடைப் பெயர், மண்டபப் பெயர், பள்ளிக்கூடப் பெயர் என்று அந்தச் சாலையில் அவர்கள் வெட்டிக் கொடுத்த எழுத்துகள் நிறைய இருக்கின்றன. கணினியில் எழுத்தை வரைவதும் மெஷினை ஓட்டுவதும் ஆரம்பத்திலிருந்தே ராமாமணிதான். வெட்டிய எழுத்தை எதன்மேல், எந்தப் பசையால், எப்படி ஒட்டுவது என்பது அவள் கணவர் சென்னகேசவனின் பங்கு. அவர் ஆறுச்சாமி என்ற ஆளைக் கூட்டிக்கொண்டு வெளியே போய் ஒட்டிவிட்டு வருவார். என்ன பசை என்று இவள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இருபது வருடம் அப்படியே ஓடிவிட்டது.

மாசி மாதம் சென்னகேசவனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் வலுவிழந்தன. பேச்சும் போயிற்று. அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் என்னை வைத்தார்கள். நோயாளியோடு வீட்டில் தங்கிப் பார்த்துக்கொள்வதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள் நான். வயது அறுபத்தெட்டு ஆனாலும் ஓர் ஆளைப் புரட்டிப் படுக்க வைக்கும் தெம்பு இன்னும் இருக்கிறது.

அவருக்குப் பேச்சு முழுவதுமாகப் போகவில்லை. ஒரு சொல் மட்டும் தங்கியிருந்தது. "வத்து." வேண்டாம் என்பதற்கு அவர்கள் வீட்டுத் தெலுங்கு. தண்ணீர் வேண்டுமா என்றால் வத்து என்பார். டம்ளரை வாயருகே கொண்டுபோனால் கடகடவென்று குடிப்பார். இப்படி ஏதாவது ஒரு சொல் நாக்கில் சிக்கிக்கொள்வதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். அதற்குப் பொருள் தேடக் கூடாது. கண்ணையும் நன்றாக இருக்கிற கையையும் பார்த்து நடந்துகொள்ள வேண்டும். இதை ராமாமணிக்குப் புரிய வைக்க எனக்கு வெகுநாள் பிடித்தது.

மகன் யஷ்வந்த் ஓசூரில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அம்மாவைக் கூப்பிடுவான். மெஷினை விற்றுவிட்டு, பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு, அப்பாவோடு நிம்மதியாக இருக்கச் சொல்வான். அவன் சொன்னதில் தப்பில்லை. அந்த நேரத்தில்தான் காரமடைக்கு அந்தப் பக்கமிருந்து சுப்பாத்தாள் என்ற அம்மாள் வந்தார். மலையடிவாரத்தில் பாக்குத் தோப்பு வைத்திருப்பவர். தோப்புக்குள் விருந்தினர் தங்குவதற்கு அறைகள் கட்டியிருந்தார். நுழைவாயிலில் 'மேக்காலத் தோட்டம்' என்று பெயர் வைக்க வேண்டும். அறைகளுக்கும் வழிகளுக்குமாக உள்ளே வேறு போர்டுகளும் வேண்டும். அவர் ஒரு நிபந்தனை போட்டார்.

"மொதல்ல வாசப் போர்டுங்க. ஆடிக் காத்துல அது நின்னுச்சுன்னா மத்ததெல்லாம் உங்களுக்கே. நிக்கலைன்னா நான் கோயமுத்தூர்ல பாத்துக்கறேன்."

ராமாமணி அன்றைக்கே மகனைக் கூப்பிட்டு அதே நிபந்தனையை அவனுக்கும் போட்டாள். "ஆடி வரைக்கும் பொறுத்துக்கடா. இந்தப் போர்டு நின்னா மெஷின் இருக்கும். உழுந்தா நீயே வந்து வித்துப்போடு. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

போர்டு என்று சுப்பாத்தாள் சொன்னது ஒரு கதவை. பழைய வீட்டை இடித்தபோது எடுத்துவைத்த தேக்கு வாசற்கதவு. அதை நுழைவாயிலில் இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே படுக்கை வாட்டத்தில் மாட்டியிருந்தார். எழுத்துகளை அதன்மேல் ஒட்ட வேண்டும். ஆணியோ திருகோ போடக் கூடாது. வீட்டு வாசற்கதவில் ஆணி அடிப்பது அவர்கள் குடும்ப வழக்கத்தில் இல்லை. நாளும் அவரே சொல்லிவிட்டார்: அமாவாசையன்று, நல்ல நேரத்தில்.

பங்குனி அமாவாசையன்று ராமாமணியும் ஆறுச்சாமியும் போய் ஒட்டினார்கள். இரண்டு குழாயிலிருந்து பிதுக்கிக் கலக்கும் கெட்டிப் பசை. மரத்துக்கு அதுதான் என்று கடைக்காரர் சொன்னார். சித்திரை வெயில் ஏறியதும் எழுத்துகள் ஒவ்வொன்றாக உதிர ஆரம்பித்தன. முதலில் போனவை 'க்', 'த்', 'ட்', 'ம்' மேலிருந்த புள்ளிகள்.

"புள்ளியத் தேடிப் பாத்தனுங்க, ஒண்ணுகூடக் கெடைக்கலை. மயிலு கொத்தீட்டுப் போயிருக்கும்னு அந்தம்மா சொல்றாங்க" என்று ஆறுச்சாமி போனில் சொன்னான்.

"மயிலு அக்ரிலிக் திங்குமாடா?"

"நம்ம பசையத் திங்காது, வெறும் புள்ளியத் திங்குமாட்ட இருக்குதுங்க. எழுத்து முதுகுல பசை அப்படியே இருக்குது. கட்டையிலதான் ஒரு பொட்டுகூட இல்ல."

இந்தக் கடைசி வாக்கியத்தை அப்போது யாரும் கவனிக்கவில்லை. ராமாமணிக்குப் பசை தோற்றது மட்டும்தான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து பட்டறை மேசையில் பசைக் குழல்களும் டப்பாக்களும் சேர்ந்தன. காந்திபுரம் போய் வாங்கி வந்தாள். சாய்பாபா காலனிப் பக்கம் யாரோ சொன்னார்கள் என்று அங்கேயும் போனாள். வாங்கி வந்த ஒவ்வொன்றையும் நேராகக் கட்டிலுக்குக் கொண்டுவந்து கணவரின் கண்முன்னே நீட்டுவாள்.

"இதா?"

"வத்து."

"இதா?"

"வத்து."

"அப்ப எதுதானுங்க?"

"வத்து, வத்து" என்பார் அவர், சோர்வாக. இவள் அந்தக் குழலைத் தூரமாக வைத்துவிட்டு அடுத்ததை எடுப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டிலோரம் கிடந்த சீப்பை எடுத்து அவர்முன் நீட்டி, "இதாலதான் ஒட்டுவீங்களா?" என்று கேட்டேன். அதற்கும் வத்து என்றார். ராமாமணி என்னை முறைத்தாள். ஆனால் அதற்குப்பிறகு எந்தக் குழலையும் அவரிடம் கொண்டுவரவில்லை.

மொட்டைமாடியில் அவளே சோதனை தொடங்கினாள். தேக்குத் துண்டுகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பசை போட்டு, வெட்டி மீந்த அக்ரிலிக்கை ஒட்டினாள். நான் நோயாளியின் துணி உலர்த்த மாடிக்குப் போகும்போதெல்லாம் அவள் அங்கே நிற்பாள். பகலில் வெயில் காட்டுவாள். பொழுது சாயும்போது தண்ணீர் ஊற்றுவாள். கீழே இறங்கியதும் மறுபடி மேலே ஏறுவாள். காய வேண்டிய பசையைக் காய விடாமல் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள்.

"புண்ணு ஆறுறதுக்கு முன்னால கட்டைப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தா ஆறுமுங்களா?" என்று கேட்டேன்.

"ஆறுதான்னு தெரியோணுமில்லீங்க?"

"தெரியும். நீங்க கீழ போங்க."

போகமாட்டாள். ஆனால் பார்த்ததைச் சரியாகப் பார்த்தாள். ஒரு சொட்டு வைத்தால் உடனே பிடிக்கும் பசை, அக்ரிலிக் ஓரத்தில் வெள்ளைப் புகைபோலப் படர்ந்தது. லேசாகத் தட்டினால் விழுந்தது. மைக்கா ஒட்டும் மஞ்சள் பசை அக்ரிலிக்கையே அரித்து, உள்ளே மயிரிழை மயிரிழையாக விரிசல் விட்டது. தின்னர் போட்டுத் துடைத்த துண்டுக்கும் அதே கதி. அதனால் இனிமேல் சோப்புத் தண்ணீர்தான் என்று முடிவு செய்தாள். புளித்த காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் காய்ந்த பிறகும் நகத்தால் நெம்பினால் உரிந்து வந்தது. இருபுறமும் ஒட்டும் தடித்த நுரை டேப், வழவழப்பாகப் பெயின்ட் அடித்த கட்டையில் விடாப்பிடியாக நின்றது. வெறும் மரத்தின் சொரசொரப்பில் நிற்கவில்லை. கெட்டிப் பசை குளிர்ந்த நேரத்தில் கல்லாக இருந்தது. நல்ல வெயிலில் ஒரு நாள் 'டக்' என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் துண்டு தனியாகக் கிடந்தது.

ஏன் என்பதையும் அவளே அளந்து கண்டுபிடித்தாள். இரண்டடி நீளத் துண்டு மத்தியான வெயிலில் அரை நூல் அளவு நீண்டது. நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மரம் வெயிலுக்கு அப்படி நீளாது. ஆனால் மழையில் குறுக்கே உப்பும். ஒன்று ஒரு பக்கம் இழுக்க, இன்னொன்று வேறு பக்கம் இழுக்க, நடுவில் கல்லாக நிற்கும் பசை உடையத்தான் செய்யும். முழங்காலில் பிளாஸ்திரி போடும்போது நீளும் பிளாஸ்திரி போடுகிறோமே, அதே சங்கதி. கடைசியில் அவள் எடுத்தது, காய்ந்தாலும் ரப்பர்போல் நெகிழ்ந்துகொடுக்கும் ஒரு பசை. காடி வாசம் இல்லாதது. துப்பாக்கியில் குழலை மாட்டிப் பிதுக்க வேண்டும். அழுத்தி மெல்லிசாக்கிவிடக் கூடாது. காலணா கனத்துக்காவது நிற்க வேண்டும். கோடுகளை மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும். அப்போதுதான் மழைத்தண்ணீர் பின்னால் தேங்காமல் இறங்கும். மாடியில் எந்த வெயிலுக்கும் எந்தத் தண்ணீருக்கும் அந்தத் துண்டு அசையவில்லை. ஆறுச்சாமி கத்தியை வைத்து நெம்பிப் பார்த்துவிட்டு, "இது ஒட்டலீங்கக்கா, மொளைச்சிருக்குது" என்றான்.

வைகாசி அமாவாசையன்று, நல்ல நேரத்தில், இரண்டாம் முறை ஒட்டிவிட்டு வந்தார்கள். சுப்பாத்தாள் கதவைக் கழுவித் துடைத்துக் கண்ணாடிபோல் வைத்திருந்ததாக ராமாமணி பெருமையாகச் சொன்னாள். ஆனி பிறந்து முதல் சாரல் அடித்தது. ஒரு காலையில் எழுத்துகள் எல்லாம் கீழே கிடந்தன. இந்த முறை பசை உடையவும் இல்லை. கட்டையிலிருந்து தோலுரித்தாற்போல் முழுசாகக் கழன்று, எழுத்தின் முதுகோடு வந்திருந்தது.

சுப்பாத்தாள் போனில் கத்தவில்லை. "வர்ற அமாவாசைக்கு ஒருக்கா பாருங்க அம்மணி. அதுக்கு மேல எனக்கும் பொறுமை இல்லீங்க" என்று மட்டும் சொன்னார். ராமாமணிக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. மாடிக்கு ஏறி அந்தத் துண்டைப் பார்ப்பாள். அது அசையாமல் நிற்கும். கீழே வருவாள். விழுந்த எழுத்துகளைப் புரட்டுவாள். மறுபடி மேலே போவாள்.

"மாடியில நிக்குது, அங்க நிக்கலை. ஏனுங்க சிஸ்டர்?"

"எனக்கென்னங்க தெரியும்? மாடியையும் அங்கயும் பக்கத்துல வெச்சுப் பாத்தாத்தான் தெரியும்."

சென்னகேசவனைச் சும்மா கட்டிலில் போட்டுவைக்காமல் வண்டியில் உட்கார வைத்து வெளியே கூட்டிப்போகச் சொல்லி உடற்பயிற்சி சொல்லித் தருபவர் அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். அதனால் ஆனி அமாவாசையன்று ஆம்னி வேனில் எல்லோருமாகக் கிளம்பினோம். நல்ல நேரம் பத்து மணிக்கு மேல். ராமாமணிக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. காரமடை தாண்டும்போது மணி ஏழுகூட ஆகவில்லை. நோயாளிக்குக் காலை மருந்தைக்கூட வண்டியில்தான் கொடுத்தேன்.

தோட்டத்து வாசலில் சுப்பாத்தாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஒரு கிண்ணத்தை இடுக்கிக்கொண்டு, கதவைத் துணியால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மணி, பத்து மணிக்குத்தான நேரம்? இத்தனை வெள்ளென வந்துட்டீங்க? இன்னுந் தொடைக்கவே இல்லையே."

ராமாமணி கிண்ணத்தையே பார்த்தாள். "என்னங்கம்மா தேய்க்கறீங்க?"

"வெளக்கெண்ணெ. அமாவாசைக்கு அமாவாசை தேய்க்கறதுதானுங்க. எங்க மாமியா, அவங்க மாமியா காலத்துல இருந்து. இல்லாட்டி இத்தனை வருசம் கதவு இப்படி நிக்குமா?"

"நாங்க வந்து ஒட்டினமே, அந்த ரண்டு அமாவாசையும்..."

"இதென்ன கேள்வி? நல்ல காரியம் நடக்கறன்னைக்குத் தேய்க்காம உடுவாங்களா? அன்னைக்கெல்லாம் ரண்டு பங்கு எச்சாவே தேய்ச்சேன். தேய்ச்சுப்போட்டு, நீங்க வர்றதுக்குள்ள காஞ்ச துணியில ஒத்தி எடுத்துப்போட்டனுங்க."

ஆறுச்சாமிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அக்கா, நாம எண்ணெ வெச்ச நெத்தியில ஸ்டிக்கர் பொட்டு ஒட்டியிருக்கமுங்க. அதும் ரண்டு தடவை!"

ராமாமணி சிரிக்கவில்லை. கதவை ஒரு சுற்று சுற்றிவந்தாள். விரலால் தேய்த்து முகர்ந்தாள். நகத்தால் கீறினாள். மாமியார்களின் எண்ணெய் அத்தனையும் மரத்துக்குள் ஊறியிருந்தது. மேலே துடைத்தாலும் வெயில் பட்டதும் உள்ளிருந்து கசியும். இவள் அவர் சொன்ன நல்ல நாளில் ஒட்ட வந்தாள். அவர் நல்ல நாளுக்கு ஆக வேண்டியதைச் செய்தார். அந்தக் காலையில் என்ன செய்வீர்கள் என்று இவள் கேட்கவில்லை. என்ன வைத்து ஒட்டுவீர்கள் என்று அவரும் கேட்கவில்லை.

"எண்ணெ தேய்க்கறதை நிறுத்தீட்டா...?" என்று மெதுவாக ஆரம்பித்தாள்.

"அது ஆகாதுங்க."

"ஒரு வருசம்?"

"ஒரு அமாவாசைகூட ஆகாதுங்க."

ஆறுச்சாமி அவளை வேன் பக்கம் தள்ளிக் கூட்டிவந்தான். என் காதுபடத்தான் சொன்னான். "அக்கா, நான் ஒண்ணு சொல்றனுங்க. உப்புத்தாள் போட்டு நல்லாத் தேய்ச்சு, தொடைச்சு, நுரை டேப்பும் பசையும் ரண்டையும் போட்டுடலாம். ஆடி முடியற வரைக்கும் எப்படியும் தாங்கும். மத்த ஆர்டர் கைக்கு வந்துரும். அதுக்கப்பறம் உழுந்தா, கட்டை பழசுங்கம்மான்னு சொல்லீரலாம்."

ராமாமணி வேன் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த சென்னகேசவன், "வத்து" என்றார்.

"அதுக்கு அர்த்தம் எடுக்காதீங்க" என்றேன்.

"எடுக்கலீங்க சிஸ்டர். அவர் சரின்னாலும் நான் செய்யறதில்ல" என்றாள். ஆறுச்சாமியைப் பார்த்து, "தாங்கும்னு எனக்குத் தெரிஞ்சா ஒட்டுவேன். தாங்காதுன்னு தெரிஞ்சுபோட்டு எப்படிடா ஒட்டறது?" என்றாள். திரும்பி வேகமாகப் போய்ச் சுப்பாத்தாளின் முன்னால் நின்றாள்.

"அம்மா, இந்தக் கதவுல எந்தப் பசையும் நிக்காதுங்க. நான் மட்டுமில்ல, கோயமுத்தூர்ல இருந்து யாரு வந்தாலும் நிக்காது. எண்ணெயில ஒட்டு பிடிக்காதுங்க. கதவுக்குக் கீழ, ரண்டு தூணுக்கும் குறுக்க ஒரு புதுப் பலகை போட்டுக்கலாம். போல்ட்டு தூணுலதான், கதவுல ஒரு ஓட்டை கெடையாது. எழுத்தைப் பலகையில ஒட்டித் தாரேன்."

சுப்பாத்தாள் துணியைக் கிண்ணத்தில் போட்டார். "அப்பறம் இந்தக் கதவு எதுக்குங்க? வேடிக்கை பாக்கவா?"

"ஆமாங்க, கதவு பாக்கறதுக்கு. பலகை பேரு படிக்கறதுக்கு."

"எங்க மாமனாரு ஊட்டுக் கதவுல எங்க பேரு இருக்கோணும்னுதான் இத்தனையும் செஞ்சேன். பலகையில எழுதறதுக்கு நீங்க எதுக்கு அம்மணி? பெயின்ட்டரக் கூப்புட்டா ஒரு பொழுதுல எழுதிப்போட்டுப் போயிருவான்."

"அதுஞ் சரிதானுங்க" என்றாள் ராமாமணி. சுப்பாத்தாள் வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை. ஆனால் காபி குடிக்காமல் விடவில்லை. நோயாளிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். நாங்கள் பெரியநாயக்கன்பாளையம் வந்து சேர்ந்தபோது, அவர் முதலில் சொன்ன நல்ல நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது.

அடுத்து வந்த நாட்கள் அந்த வீட்டில் யாருக்கும் நன்றாகப் போகவில்லை. போன் அடித்தால் ராமாமணி ஓடுவாள். அது ஏதாவது லோன் வேண்டுமா என்று கேட்கும் பெண்ணாக இருக்கும். யஷ்வந்த் கூப்பிட்டான். நடந்ததை மறைக்காமல் சொன்னாள். "அப்ப நின்னபாடில்லதானேம்மா" என்றான். "ஆடி இன்னும் முடியலையில்ல" என்றாள். அவனுக்குத் தெரிந்த ஒருவர் மெஷினைப் பார்க்க வந்தே விட்டார். நல்ல மனிதர்தான்; செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவர் மெஷினைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ராமாமணி அதே அறையில் யாரும் கேட்காத ஒரு பலகைக்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள்.

காய்ந்த தேக்கு அது. எண்ணெயே பார்க்காதது. பிரைமர் அடித்து, நைஸ் உப்புத்தாளால் தேய்த்து, மேலே இரண்டு கை பெயின்ட் அடித்து, வெட்டு முனைகளைக்கூட விடாமல் மூடியிருந்தாள். எழுத்துகளின் முதுகைச் சொரசொரப்பாக்கி, சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தியிருந்தாள். பசையை மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இழுத்தாள். பசை காயும்வரை எழுத்து நழுவாமல் பிடித்துக்கொள்ள ஓரங்களில் நுரை டேப் துண்டுகள் வைத்தாள். டேப்பின் கனம் பசையை நசுங்கவிடாமலும் தாங்கியது. புள்ளிகளை மட்டும் தனியாக ஒட்டவில்லை. எழுத்தோடு ஒரு மெல்லிய தண்டால் சேர்த்து ஒரே துண்டாக வெட்டியிருந்தாள். தள்ளி நின்று பார்த்தால் தண்டு தெரியாது.

"இது எந்தக் கடைக்குங்க?" என்று வந்தவர் கேட்டார்.

"இன்னும் யாரும் கேக்கலீங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் பட்டறை ஓரம் நாற்காலியில் இருந்த நோயாளியின் காலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தேன். ஆடி முடிந்து மகனிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

பலகையைச் சுவரோரம் சாய்த்துக் காய வைத்தாள். தொடாதீர்கள் என்று நான் கத்த வேண்டியிருந்தது. ஆடி பிறந்தது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று எங்கள் சந்தில்கூட வாளியை உருட்டியது. அமாவாசைக்குச் சில நாள் இருக்கும்போது சுப்பாத்தாள் போன் செய்தார். ராமாமணி ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள்.

"ஏனம்மணி, நீங்க சொன்ன அந்தப் பலகை... அதுக்கு எண்ணெ தேய்க்கலாமுங்களா?"

ராமாமணி நடப்பதை நிறுத்தினாள். "ஒட்டிக் காஞ்சுபோச்சுங்கம்மா. இனி மேலோட தேய்ச்சா ஒண்ணும் ஆகாது. ஒட்டறதுக்கு முன்னாலதானுங்க ஆகாது."

"அப்படின்னா சரி. நான் இல்லாத காலத்துல மருமக, கதவுக்குத் தேய்ச்சு இதுக்குத் தேய்க்காம உட்டுப்போடக் கூடாதில்லீங்க? ரண்டுக்குந்தான் தேய்க்கோணும். பெயின்ட்டரும் வந்து பாத்துட்டுத்தான் போனான். அவன் எழுத்து எனக்குப் புடிக்கலை. அமாவாசைக்குக் கொண்டாங்க. பத்து மணிக்கு வந்தாப் போதும்!"

பலகை முன்பே காய்ந்து தயாராக இருந்ததால் நல்ல நேரத்தில் போல்ட்டை முறுக்கும் வேலை மட்டும்தான். அதை முடித்துவிட்டு வந்தார்கள். அதன்பிறகு ராமாமணியின் காது முழுக்கக் காற்றில்தான். எங்கேயாவது தகரம் படபடத்தால் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு வருவாள். அங்கே காற்றடித்தால் இங்கே தெரியுமா என்று கேட்டேன். மலைப் பக்கம் மேகம் ஓடுவதைப் பார்த்தால் தெரியும் என்றாள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

ஆடிப் பதினெட்டு நோன்பிக்குச் சுப்பாத்தாள் எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். முந்தின நாள் அந்தப் பக்கம் பேய்க்காற்று. காரமடைக்கு மேலே வழியெல்லாம் முருங்கை முறிந்து கிடந்தது. ஒரு கடையின் பேனர் மின்கம்பியில் தொங்கியது. ராமாமணி முன் இருக்கையில் நுனியில் உட்கார்ந்திருந்தாள். வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்துவிட்டாள்.

வாசலில் ஒரு பெரிய தென்னமட்டை கிடந்தது. அது வந்து மோதிய இடம் பலகையில் பள்ளமாகத் தெரிந்தது. 'தோ' எழுத்தின் கொம்பில் பாதியைக் காணோம். முறிந்த துண்டு மட்டைக்கு அடியில் கிடந்தது.

சுப்பாத்தாள் இடுப்பில் கைவைத்து நின்றார். "பாத்தீங்களா அம்மணி? நோம்பி நாளும் அதுவுமா. உள்ள ஒறம்பரைச் சனமெல்லாம் வந்திருக்காங்க. எங்க பேரு மூளியா நிக்குது."

ராமாமணி அவரைத் தாண்டிப் போனாள். பலகையில் மீந்து நின்ற அரைக் கொம்பைக் கட்டைவிரலால் நெம்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அக்ரிலிக் வளைந்துகொடுத்தது, விடவில்லை. ஒவ்வொரு எழுத்தாக 'மே' முதல் 'ம்' வரை அழுத்திப் பார்த்தாள், இழுத்துப் பார்த்தாள். தண்டோடு வெட்டிய புள்ளிகளும் இருந்த இடத்திலேயே இருந்தன. எழுத்தின் மேலெல்லாம் எண்ணெய்ப் பிசுபிசுப்பும் மஞ்சள் பொட்டும். முறிந்த துண்டை எடுத்து அதன் முதுகைத் திருப்பினாள். பசை சரிபாதியாகக் கிழிந்திருந்தது. மறுபாதி பலகையிலேயே இருந்தது. துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாகச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து அதுவரை நான் பார்த்ததில்லை.

"எழுத்து ஒடைஞ்சு கெடக்குது, நீங்க சிரிக்கறீங்களே?" என்றார் சுப்பாத்தாள்.

"எழுத்துதானுங்கம்மா ஒடைஞ்சுது. ஒட்டு உடவே இல்லீங்க!"

"அதை எடுத்துப்போட்டு வேற வெக்கோணுமில்ல?"

"நாளைக்கே வெச்சர்லாமுங்க. டேய் ஆறுச்சாமி, மிச்சத்தை எடு."

ஆறுச்சாமி பட்டைக் கத்தியை எடுத்துவந்து செருகப் பார்த்தான். பிறகு வேனுக்கு ஓடி, தூண்டில் நரம்பை எடுத்துவந்து எழுத்தின் பின்னால் விட்டு அறுக்க ஆரம்பித்தான். உள்ளே பந்தி போட்டாயிற்று என்று இரண்டு முறை ஆள் வந்து கூப்பிட்டார்கள். அவன் நெற்றியெல்லாம் வேர்வை. "ஏனுங்கக்கா, இத்தனை பசையா போட்டீங்க? நோம்பிச் சோத்தை எனக்குப் பொட்டலங் கட்டச் சொல்லுங்க" என்றான். சுப்பாத்தாள் சற்று நேரம் அவன் படும் பாட்டைப் பார்த்தார். பிறகு ராமாமணியிடம் திரும்பி, உள்ளே இருக்கும் அறைகளின் பெயர்களைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவள் கேட்டுக்கொண்டே போனை எடுத்து ஓசூருக்குக் கூப்பிட்டாள்.

"கண்ணு, அந்த மெஷின் பாத்துட்டுப் போனாரில்ல, அவர்கிட்டச் சொல்லிப்போடு. குடுக்கறதுக்கில்ல."

மறுமுனையில் அவன் ஏதோ கேட்டான். காற்றில் எனக்குக் கேட்கவில்லை.

"நின்னுதா இல்லையான்னா... நின்னுது. ஆனா ஒரு கொம்பு ஒடைஞ்சுபோச்சுடா" என்றாள். "நாளைக்குக் காத்தால புதுசு வெட்டோணும்."